ஷெல் பேக்கேஜ் மேனேஜரின் வரலாற்றை அதன் கிட்டிலிருந்தே படிப்பது எப்படி

ஷெல் பேக்கேஜ் மேனேஜர் என்பது கட்டளைவரி (ஷெல்) நிரல்களை இறக்கி நிறுவும் கருவி. அதன் நிரலில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்து வைப்பது கிட்; அந்தப் பதிவுகள் இருக்கும் இடம் களஞ்சியம். தோட்டத்துப் பக்கம் லைன் நிற்காது. அதனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டவுனுக்கு வரும்போதே களஞ்சியத்தை முழு குளோனாக (பிரதியாக) இறக்கிவிடுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க டெப்த் 1 போட்டால் கடைசி கமிட் மட்டுமே வரும். பிறகு ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் வந்தது என்று சொல்லும் கிட் பிளேம் ஓட்டினால், எல்லா வரியும் அந்த ஒரே கமிட்டில் பிறந்ததாகக் காட்டும். ஏற்கெனவே அப்படி எடுத்திருந்தால் அழிக்க வேண்டாம்; கிட் ஃபெட்ச் கட்டளையோடு அன்ஷாலோ சேர்த்தால் விட்டுப்போனதெல்லாம் இறங்கிவிடும்.

பழகுவதற்கு பி.பி.கே.ஜி. என்ற ஷெல் பேக்கேஜ் மேனேஜர் நல்லது. முழுக்க பாஷ் என்ற ஷெல் மொழியில் எழுதியது, சின்னது. முதலில் பேக்கேஜ் விவரத்தை பேக்கேஜ்.ஜேசன் என்ற கோப்பில் வைத்தது, ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் மேனேஜரான என்.பி.எம்.முக்கும் அதே பெயர்தான், ஒரே களஞ்சியத்தில் இரண்டும் மோதும். பின்னர் பி.பி.கே.ஜி.ஜேசன் வந்தது. எந்த கமிட்டில்? கிட் லாக், ஹைபன், பெரிய எஸ், தேடும் பெயர், கடைசியில் ரிவர்ஸ். மேலே நிற்கும் வரிதான் விடை. பெரிய எஸ் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறினால்தான் காட்டும். வரி உள்ளுக்குள் திருத்தப்பட்டதும் வேண்டுமென்றால் பெரிய ஜி போடுங்கள்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிட் லாக் இயல்பாகக் காட்டுவது எழுதிய தேதி. மாதக்கணக்கில் காத்துக் கிடந்து சேர்ந்த மாற்றத்துக்கும் பழைய தேதியே நிற்கும். ஃபார்மேட் ஃபுல்லர் கொடுத்தால் கமிட் தேதியும் தெரியும். பயனர் கைக்கு எப்போது போனது என்பதை இரண்டுமே சொல்லாது. கிட் டேக் கட்டளையோடு கண்டெய்ன்ஸ் சேர்த்து, எந்த வெளியீட்டில் அது முதலில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு வசதி எந்த கமிட்டில் உடைந்தது என்று, வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேட கிட் பைசெக்ட். 1,000 கமிட் இருந்தால் சுமார் 10 சோதனை போதும். சோதனை ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் சரி, 1 என்றால் பழுது, 125 என்றால் தாண்டிப் போ. இந்த 125 முக்கியம்: பழைய நிரல் இன்றைய இணையத்திலிருந்து பேக்கேஜை இழுக்கிறது, கிடைக்காமல் போனால் அது நிரலின் பழுதல்ல. ஹோமையும் (உங்கள் சொந்த அடைவு) பிரிஃபிக்ஸையும் (நிறுவும் இடம்) தற்காலிக அடைவுக்குத் திருப்பாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். உங்கள் சொந்த நிறுவலை அது மேலெழுதிவிடும்.

முடிந்ததும் கிட் பண்டில் கிரியேட், ஆல் போட்டு களஞ்சியத்தை ஒரே கோப்பாக்கி, வெரிஃபை செய்து பென் டிரைவில் வையுங்கள். 2021-இல் ஸினிட் என்ற, ஸீஷெல் எனும் ஷெல்லுக்கான பிளகின் (துணை நிரல்) மேனேஜரின் களஞ்சியம், களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பிலிருந்து முன்னறிவிப்பின்றி மறைந்தது. மற்றவர்களிடம் பிரதி இருந்ததால்தான் சமூகம் அதை மீட்டது. கிட்ஹப்பில் நடக்கும் இஷ்யூ (பழுது முறையீடு), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) பேச்சுகள் பண்டிலுக்குள் வராது, அவற்றைத் தனியாகச் சேமியுங்கள்.