டீசல் மெக்கானிக் வேலை: ஐ.டி.ஐ.யில் தொடங்கி ஜேசிபி வரை

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் டீசல்' பிரிவில் சேரலாம். படிப்பு ஓராண்டு. முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போய் என்.ஏ.சி. எனும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். இன்ஜினைப் பிரித்துப் பூட்ட ஐ.டி.ஐ. போதும்; கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பட்டறையில்தான் பழக முடியும். ஜேசிபி, பொக்லைன், டிப்பர் மூன்றும் வந்துபோகும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

முதலில் கைக்கு வர வேண்டிய வேலை, ஏர் எடுப்பது. டேங்க் வற்றினாலோ ஃபில்டர் மாற்றினாலோ டீசல் லைனில் காற்று புகுந்துவிடும்; செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. பழைய இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் உறுப்புகள் கொண்ட டீசல் பம்ப்) வண்டி என்றால் சுற்றிலும் உள்ள மண்ணை முதலில் துடையுங்கள். ஃபில்டர் தலையிலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் டீசலைத் தள்ளும் சிறு பம்பை) அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இதையே பம்பில் செய்யுங்கள். அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள்.

எவ்வளவு அடித்தும் நுரை நிற்கவில்லையா? டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே தேடுங்கள். அங்கே இருப்பது உறிஞ்சும் இழுப்பு. அதனால் ஓட்டை இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், பழைய காப்பர் வாஷர் ஆகியவையே பெரும்பாலும் காரணம். புதியவர்கள் இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றி வீண் செலவு வைக்கிறார்கள்.

காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இன்ஜெக்டர் பைப் நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பிரைமரால் ஃபில்டர் வரைக்கும் மட்டும் ஏர் எடுங்கள்.

அடுத்தது டேப்பட், அதாவது வால்வு இடைவெளியை (கேப்) சரிசெய்வது. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் டீசல் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், 4-ஆம் சிலிண்டரின் இரு வால்வும் சேர்ந்து அசையும் நிலையில் 1-ஐச் சரிசெய்யலாம். 3-இல் அசைந்தால் 2-ஐ. கேப் அளவை மேனுவலில்தான் பார்க்க வேண்டும். இறுக்கமாக வைத்தால் வால்வு முழுதாக உட்காராமல் எரிந்துபோகும்.

ஹைட்ராலிக்கில் கை வைக்குமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவர்களை ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். ஹோஸ் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி இல்லாவிட்டாலும், காயம் புள்ளி அளவே இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.