எபிங்ஹாஸின் மறதிச் சோதனையை வீட்டில் செய்து பார்ப்பது எப்படி?

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், தம்மையே சோதனைக்கு உட்படுத்தி நினைவாற்றலை அளந்து, அதன் முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். உளவியலின் தொடக்ககாலச் சோதனைகளுள் தாளும் கடிகாரமும் மட்டும் கொண்டு எவரும் செய்யக்கூடிய ஒன்று இது.

முதலில், 'ஞூட்', 'லேழ்', 'தௌப்' என்பன போன்ற பொருளற்ற அசைகள் பதின்மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். பழகிய சொற்கள் முன்பே மனத்தில் பல தொடர்புகளைக் கொண்டிருப்பதால், புதிதாகக் கற்பதன் அளவை அவை குழப்பிவிடும். இதை உணர்ந்தே எபிங்ஹாஸ் ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கினார். அவரது மேதைமை இந்த ஒரு முடிவில்தான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது என்பது என் கருத்து.

பட்டியலைச் சீரான வேகத்தில் உரக்கப் படியுங்கள். பார்க்காமல் பிழையின்றி ஒப்பிக்க எத்தனை விநாடிகள் ஆயின என்று குறித்துக்கொள்ளுங்கள். அசைகளை நினைவில் நிறுத்த உதவும் கதை, தொடர்பு எதையும் புனைந்து சேர்க்க வேண்டாம்.

மறுநாள் அதே நேரத்தில் அதே பட்டியலை மீண்டும் மனப்பாடம் செய்யுங்கள். முதல் நாள் 600 விநாடிகளும் மறுநாள் 400 விநாடிகளும் ஆகியிருந்தால், மிச்சமான 200 விநாடிகளை 600ஆல் வகுத்து நூறால் பெருக்கக் கிடைக்கும் 33 விழுக்காடே உங்கள் சேமிப்பு. ஓர் அசைகூட நினைவில் இல்லை என்று தோன்றும்போதும் சேமிப்பு இருக்கக்கூடும் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.

வேறு பட்டியல்களை வெவ்வேறு இடைவெளிகளில் சோதித்தால் மறதியின் வளைகோட்டை வரையலாம். எபிங்ஹாஸுக்கு இருபது நிமிடங்களில் 58 விழுக்காடாக இருந்த சேமிப்பு ஒரு மணி நேரத்தில் 44 ஆகக் குறைந்தது. ஆனால் 31 நாள்களுக்குப் பின்னும் 21 விழுக்காடு எஞ்சியிருந்தது.