பழைய தோட்ட வீட்டுச் சுவருக்கு எமல்ஷன் சாயம் அடிப்பது எப்படி?

தீபாவளிக்கு முன்னால் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் கலர் அட்டையைப் புரட்டாத ஆள் கிடையாது. எந்த நிறம் என்பதை வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் ஒரு கறுப்புத் துணியை எடுத்துச் சுவரை அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.

துணியில் வெள்ளை மாவு ஒட்டுகிறதா? அடியில் பழைய சுண்ணாம்பு இருக்கக்கூடும். பழைய லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இது சகஜம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். தண்ணீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே தோலாகிவிடும். அந்தத் தோல் சுவரைப் பிடிக்காமல் மாவைப் பிடித்தால், பிறகு அப்பளம் போல எழும்பும். டின் எவ்வளவு விலை என்றாலும் இதே கதைதான்.

ஆகவே இங்கே அவசரம் வேண்டாம். தளர்ந்ததையெல்லாம் ஸ்கிரேப்பரால் சுரண்டி, விறைப்பான பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். மறுபடி கறுப்புத் துணி. மாவு வந்தால் மறுபடியும் தேயுங்கள். முழுதாகப் போகாது, மிஞ்சியதை இறுக்கிப் பிடிக்கத்தான் சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அதாவது சீலர். மாவுச் சுவருக்குத் தண்ணீர் சீலரைவிடத் தின்னர் வகைச் சீலர்தான் நல்லது, அது உள்ளே இறங்கும். நாற்றம் தாங்காது, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வரக்கூடாது. "சாயத்தையே தண்ணியாகக் கலக்கி ஒரு கோட் கொடு, போதும்" என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நல்ல சுவரில் அது எடுபடும், மாவுச் சுவரில் எடுபடாது.

கறுப்புப் பூசணம் இருந்தால் அதன்மேல் சாயம் அடித்து மறைக்காதீர்கள், திரும்ப வரும். ஒரு பங்கு குளோராக்ஸ் (ப்ளீச்), மூன்று பங்கு தண்ணீர். தடவிக் கால்மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். டாய்லெட் கழுவும் திரவத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

சாயக் கணக்கு: 1 லிட்டர், ஒரு கோட்டுக்கு, வழவழப்பான சுவரில் சுமார் 10 சதுர மீட்டர். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால், கதவு ஜன்னல் போகச் சுவர் கிட்டத்தட்ட 35 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 7 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்றை நம்பிப் போகாதீர்கள்.

சீலிங் முதலில், சுவர் பிறகு; மேலேயிருந்து சொட்டுவது எப்படியும் சுவரில்தான் விழும். மூலைகளைப் பிரஷால் வரைந்து, அந்தக் கோடு காயும் முன் ரோலரைக் கொண்டுபோங்கள். ரோலரைப் பொறுத்தவரை மலிவான பஞ்சு ரோலர் வேண்டவே வேண்டாம், முடி உதிர்ந்து சுவரில் ஒட்டும். அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அது ஓடினால் ஓரம் சீக்கிரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று டின்னிலேயே இருக்கும். மழை நாளில் அதைவிடக் கூடுதலாக விடுங்கள். பிரஷ், ரோலரை உடனே தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கூரை ஒழுகிய இடத்துப் பழுப்புக் கறை எமல்ஷன் அடித்த பிறகும் மேலே வருகிறது என்று பலர் கேட்டுவிட்டார்கள். தண்ணீர்ச் சாயம் அந்தக் கறையைக் கரைத்துத் தன்னோடு மேலே இழுத்துவரும். முதலில் கூரை ஓட்டையை அடைத்துவிடுங்கள். பிறகு கறைமேல் மட்டும் எண்ணெய் அண்டர்கோட் ஒன்று கொடுத்து, அது காய்ந்ததும் எமல்ஷன் அடியுங்கள். பழைய சீலிங் அஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருக்கலாம் என்று தோன்றினால் சுரண்டவும் வேண்டாம், சேண்ட்பேப்பர் போடவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உடையாமல் இருக்கும் அட்டையை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றியெடுத்து, மேலேயே சீலரும் சாயமும் அடிக்கலாம். உடைந்த அட்டையைக் கழற்ற, அதற்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

சுவரின் அடிப்பக்கம் மட்டும் கொப்பளித்தால் தரையிலிருந்து ஈரம் ஏறக்கூடும். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அதன் பின்புறம், சுவரைப் பார்த்த பக்கத்தில், தண்ணீர் முத்து இருந்தால், சாயக் கடைக்கு முன்னால் கொத்தனாரைப் பாருங்கள்.