மூன்று மாதப் பள்ளி ப்ராஜெக்டைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளாமல் எழுதி முடிக்க

போன வருஷம் என் பையனுக்கு ஜூலையில் கொடுத்த ப்ராஜெக்டை, ஒப்படைக்கிறதுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதினோம். பாதிக்கு மேல் நான்தான் எழுதினேன். அவன் தூங்கி விழுந்துகொண்டே படம் ஒட்டினான். அது எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, தலைப்பு வீராணம் ஏரி. பன்னிரண்டு பக்கமும் அவனே எழுதி, ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிட்டான். எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். அட்டை, பார்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. காலண்டரில் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஒப்படைக்கிற நாளைக் குறித்து, காலாண்டுத் தேர்வு வாரங்களை முதலில் அடித்துவிடுங்கள். எங்களுக்கு மிஞ்சியது பத்து வாரம். கேள்வி முடிவு செய்ய ஒன்று, தகவல் திரட்ட நான்கு, முதல் வரைவுக்கு இரண்டு, தொடாமல் மூடிவைக்க ஒன்று, திருத்த ஒன்று, நல்ல பிரதிக்கு ஒன்று.

2. தலைப்பைக் கேள்வியாக்குங்கள். ‘வீராணம் ஏரி’ என்று மட்டும் இருந்தால், முதலாம் பராந்தக சோழன் காலத்திலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டிவரும். நாங்கள் வைத்த கேள்வி: வீராணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? மேட்டூர், கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு, ஏரி, அப்புறம் வயலும் சென்னையும். தண்ணீர் போகிற வழியே கட்டுரையின் பகுதிகளாகிவிட்டது.

3. குறிப்பு எடுப்பது. நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவன் நோட்டில் ஓரிடத்தில் 47.50 அடி, இன்னோரிடத்தில் 45 அடி என்று எழுதியிருந்தான். எது சரி என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கே பார்த்தான் என்பதும் அவனுக்கு நினைவில்லை. இரண்டு சாயங்காலம் தேடிய பிறகுதான் புரிந்தது: 47.50 ஏரியின் முழு நீர்மட்டம், மற்றது ஏதோ ஒரு நாள் பேப்பரில் வந்த அன்றைய நீர்மட்டம். இரண்டுமே சரியான எண்தான்.

அன்றிலிருந்து ஒரு தாளுக்கு ஒரே ஒரு தகவல். மேலே எங்கிருந்து எடுத்தது, பக்க எண், தேதி. அதை எழுதிய பிறகுதான் தகவல். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்கு மிக வசதி. நோட்டுப் புத்தகம் வேண்டவே வேண்டாம் என்பேன், வரிசை மாற்ற முடியாது. தாள்களைத் தரையில் பரப்பி வைத்தால் எந்தப் பகுதிக்குத் தகவல் போதவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். சென்னைக்குத் தண்ணீர் போகும் பகுதியில் எங்களிடம் ஒரே தாள்தான் இருந்தது: 2004-இல் குழாய் வழியே போகத் தொடங்கியது என்று. அந்த வாரம் முழுக்க அதையே தேடினான்.

4. எழுதும் முன் சொல்லச் சொல்லுங்கள். தாள் எல்லாம் சேர்ந்த பிறகும் முதல் வரி வராமல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தான். “பாட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லுடா” என்று போனில் பதிவு செய்தேன். பாட்டி நடுநடுவே “வடவாறு எங்கேருந்துடா பிரியுது?” என்று கேட்டது பெரிய உதவி. பதிவைக் கேட்டுக் கேட்டு வரைவை எழுதினான். பென்சிலில், ஒரு வரி விட்டு ஒரு வரி. இந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழையைக் காட்டாதீர்கள், கை நின்றுவிடும்.

5. ஒரு வாரம் மூடிவைத்துவிட்டுத் திருத்துங்கள். சத்தமாகப் படித்தால் மூச்சு வாங்குகிற வாக்கியம் தானே தெரியும். சந்திப்பிழை கடைசியில்.

பிறகு சேர்த்தது: இரண்டு அம்மாக்கள் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஊர்ப் பெரியவர் சொன்னதை எப்படி எழுதுவது? அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயர், தொழில், பேசிய தேதி மூன்றையும் தாளின் மேலே எழுதுங்கள். அவர் சொன்ன ஆண்டைப் புத்தகத்தில் சரிபார்க்க முடியவில்லை என்றால், கட்டுரையிலும் ‘அவர் சொன்னது’ என்றே இருக்கட்டும். இன்னொருவர் வீட்டில் மழையில் தாள்கள் நனைந்துபோயினவாம். அன்றன்றைக்கு எழுதிய தாள்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.