காற்று குளிர்ந்தால் வெயில் இல்லையென்று அர்த்தமில்லை: மலையில் தீயணைப்பவர்கள் செய்யும் தவறுகள்

என் மாமா ஊட்டிப் பக்கம் தீயணைப்புப் பணியில் இருந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் ஒரு கோடு தெரியும். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். பின்கழுத்துத் தோல் மட்டும் தடித்து, வரிவரியாக வெடித்திருக்கும். "இங்க வெயிலே சுடலையே, இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்.

சூட்டை வைத்து வெயிலை அளப்பதுதான் முதல் தவறு. தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். வானம் ஒரே மாதிரி தெளிவாக இருந்தால், மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக் கொட்டுபவரைவிட இங்கே ஸ்வெட்டரோடு நிற்பவர் மீதுதான் கதிர் அதிகம் விழும். மப்பு போட்டிருக்கிறதே என்றும் இருந்துவிடக் கூடாது. மெல்லிய மேகமாக இருந்தால் 80 சதவீதம் வரை ஊடுருவி வந்துவிடும்.

தீப் பருவமும் இந்த வெயிலோடுதான் வருகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிக் கிடக்கும். அப்புறம் ஒரு பொறி போதும். தீத்தடுப்புக் கோடு எடுப்பதும் (தீ தாண்டாதபடி ஒரு பட்டைக்குப் புல்லைச் செதுக்கிவிடுவது), பச்சைத் தழையால் அடித்து அணைப்பதும் பெரும்பாலும் நிழலே இல்லாத புல்வெளியில். கதிர் கடுமையாக இருப்பதோ காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை.

"கருத்த தோலுக்குப் புற்றெல்லாம் வராது" என்பது அடுத்த தவறு. நம் நிறம் ஓரளவு காப்பது உண்மை. நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பதும் உண்மை. ஆனால் வரும்போது தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்று நம்மவர்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்திலும் வரும். பூட்ஸைக் கழற்றும்போது உள்ளங்காலையும் ஒரு பார்வை பாருங்கள். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் அடிபட்டதென்று தள்ளிவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது உடம்பில் படியும் புகைக்கரி. அணைத்து முடித்ததும் டீ குடித்து, அதே சட்டையோடு வீட்டுக்கு வருவது வழக்கமாகவே ஆகிவிட்டது. புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களுக்குக் கரியால் தோல் புற்று வந்ததை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. அதில் உறுதியான சான்று இருப்பது மீசோதெலியோமாவுக்கும் (நுரையீரல் போன்ற உறுப்புகளைச் சுற்றிய உறையில் வரும் புற்று) சிறுநீர்ப்பைப் புற்றுக்கும். மெலனோமாவுக்குச் சான்று குறைவுதான். அதற்காகக் கரியோடு தூங்க வேண்டுமா? கழுத்து, தாடையடி, தொடையிடுக்கு எல்லாவற்றையும் அன்றே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள்.

சன்ஸ்கிரீனில் ஸ்ப்ரே வேண்டாம். பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். காய்வதற்குள் நெருப்பருகே போனால் பற்றிக்கொள்ளும். எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத கிரீமைக் கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு தடவுங்கள். காது மடலை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி தடவும்போது கரிமேல் பூசாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். மப்ளரும் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும்.

பழைய தீக்காயத் தழும்பையும் சும்மா விடக் கூடாது. பல வருடம் கழித்துக்கூட அதில் புற்று வரலாம். தழும்பு திடீரென்று புண்ணாகி, ஒரு மாதமாகியும் ஆறவில்லையென்றால் களிம்பு தடவிக் காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்கழுத்தைத் தானே பார்க்க முடியாது. மாமாவுக்கு அத்தைதான் பார்ப்பார், முக்காலியில் உட்காரவைத்து, காதை மடக்கி, டார்ச் அடித்து.