பரணில் கிடந்த ரிக்கார்டும் வீட்டில் இரண்டு பேரும்

மாமனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரிக்கார்டுகள் இறங்கி வந்த அன்றே என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் போடப் பார்த்தார். அந்த அவசரம் வேண்டாம். முதலில் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, அதிலேயே இருக்கும்: 78, 45 அல்லது 33⅓. 78 என்றால் அநேகமாக அரக்குத் தட்டு. கனமாக இருக்கும், கை தவறினால் அப்பளம்தான். அதில் முள் ஓடும் தடமும் அகலம், எல்பிக்கான (33⅓-இல் ஓடும் பெரிய தட்டு) மெல்லிய முள்ளை வைத்தால் அது தடத்தின் அடியில் கிடந்து அலையும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். தடித்த முள் தனியாக விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது துடைப்பது. இதில்தான் நாங்கள் ஒரு தட்டைக் காவு கொடுத்தோம். கொரோனா சமயத்தில் வீடெல்லாம் சானிடைசர் கிடந்ததா, இவர் அதைப் பஞ்சில் நனைத்து ஒரு 78-ஐத் துடைத்துவிட்டார். பஞ்சு கறுத்தது, தட்டின் பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் செத்துப்போனது. தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள், அதே கதைதான். எல்பியோ 78-ஓ, டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். மெத்தென்ற துணியால் தடம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் எல்பி வளைந்துவிடும்.

பிளேயர் பழசு என்றால் முள்ளை மாற்றாமல் ஓட்டாதீர்கள், தேய்ந்த முள் தட்டையே உழுதுவிடும். புதுசு வாங்கி, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிசாகக் கேட்டால் இடையில் ஃபோனோ பிரீஆம்ப் (முள்ளிலிருந்து வரும் மெலிந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி) இல்லை என்று அர்த்தம். ‘உம்ம்’ என்று இரைந்தால் எர்த் வயரைப் பாருங்கள்.

சரி, உட்காருவது எப்படி? 60களின் படப் பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான். அதனால் ஸ்பீக்கருக்கு நடுவில் யார் உட்காருவது என்ற சண்டையே கிடையாது, ஒருவர் சோபாவில், ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டு தரையில் என்று இருக்கலாம். எல்பியில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும், காபிக்குச் சரியாக இருக்கும். 45-இல் ஒன்றிரண்டு பாட்டுதான், உட்கார்ந்த சூடு ஆறுமுன் எழுந்திருக்க வேண்டும். எங்கள் ஏற்பாடு, தட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், திருப்பிப் போடுபவர் மற்றவர். இவர் வசனத் தட்டாக எடுப்பார், ரிக்கார்டு சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் தானே சொல்லுவார். அதை நிறுத்தும் வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

தட்டு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் முள்ளின் தலையில் நாணயம் வைக்கும் பழைய வித்தை வேண்டாம், தடம் பாழாகும். முள்ளைத் தாங்கும் பிளேயரின் கையைத் தூக்கி ஒரு நூலளவு தள்ளி வையுங்கள். எங்களிடம் ஒன்று எப்போதும் இரண்டாவது சரணத்தில் மாட்டும். போன வாரம் அது ஓடும்போது மாமியார் ஃபோனில் இருந்தார், “இன்னும் அங்கேயேதான் நிக்குதா?” என்றார்.