வெளிநாட்டுப் படிப்பும் நம் இன அடையாளமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படும் பிள்ளைகளிடம், "அங்கெல்லாம் இனம் பார்க்கமாட்டார்கள்" என்று சொல்லி அனுப்புவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. இங்கே நாம் யார் என்று எவரும் கேட்பதில்லை, அங்கே மலேசியா என்று சொன்ன பிறகும், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று திரும்பவும் கேட்பார்கள். பால்மரம் (ரப்பர் மரம்) சீவ வந்த பாட்டன்மாரின் கதையை இரண்டு வரியில் சொல்லிப் பழகிக்கொண்டு போவது நல்லது.

பெயரை அலட்சியமாக விடுவது அடுத்த தவறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) நம் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே, மகன் அல்லது மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி மட்டுமே இருக்கும். இங்கிலாந்தில் பதிவு நாளன்று என்னிடம் கொடுக்கப்பட்ட மாணவர் அட்டையில் 'ஏ பி' என்பது நடுப்பெயராகவும், அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும் அச்சாகியிருந்தன. ஓராண்டு முழுவதும் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நானும் திருத்தாமல் தலையாட்டினேன். விசா, சேர்க்கைக் கடிதம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எப்படி அழைக்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இனவாரியாக இடம் ஒதுக்கும் கோட்டாவோடு வளர்ந்த நாம், இனத்தைக் கேட்கும் பாரத்தைக் கண்டதும் மிரள்கிறோம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சமவாய்ப்பைக் கண்காணிக்கவே அதைக் கேட்கின்றன. 'சொல்ல விரும்பவில்லை' என்றும் குறிக்கலாம். 'ஏசியன்' என்ற சொல் பிரிட்டன் பேச்சுவழக்கில் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களையும், ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் சீனர் போன்ற கிழக்காசியரையும் குறிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பொறுத்துப்போவது. ஒரு குழுப் படைப்புக்கு முன்னால் சக மாணவன் ஒருவன் என் உச்சரிப்பைப் போலவே பேசிக் காட்டி, "இவள் பேச வேண்டாம், ஸ்லைடை மாற்றினால் போதும்" என்றான். தோட்டத் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் பயந்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்த நான் பேசாமல் ஸ்லைடை மாற்றினேன். அன்றே நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும், ஆஸ்திரேலியாவின் 1975 இனப் பாகுபாட்டுச் சட்டமும் அயல்நாட்டு மாணவரையும் காக்கின்றன. பல்கலைக்கழகத்தின் இறுதி முடிவு நியாயமாகப் படவில்லை என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகத்திடம் 12 மாதங்களுக்குள் முறையிடலாம்.

அதற்காகக் குறைந்த மதிப்பெண்ணுக்கெல்லாம் இனத்தையே காரணம் காட்டுவதும் சரியல்ல. அங்கே பல பல்கலைக்கழகங்களில் தேர்வுத்தாளில் பெயர் இருக்காது. எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துகிறார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி நடந்தது என்று பிள்ளை தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, "அதை விடு, படிப்பை மட்டும் பார்" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அது உங்களிடம் சொல்லாது.